விரலுக்கு உணர்வு மிஞ்ச வேண்டும்

நோர்வேயின் லோஃபோட்டன் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 68ஆம் அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கின்றன. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருகிற எவரும் எல்லாம் இறுகிப்போன உறைகுளிரைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தெற்கிலிருந்து ஏறிவரும் அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பத்தால், நடுக்குளிர்காலத்திலும் இங்கே வெப்பமானி பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்று மேலும் கீழுமாகவே நிற்கும். விடியும்போது பனி தூவும். சற்று நேரத்தில் அது மழையோடு கலந்து விழும். பிறகு கடற்காற்று கிளம்பி அந்த ஈரத்தை உடுப்போடு அறைந்து ஒட்டும். மீன் காயவைக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கையால் வேலை செய்கிறவருக்கோ இது மிகக் கடினமான இடம்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பேரன்ட்ஸ் கடலிலிருந்து 'ஸ்க்ரை' என்ற கொட் மீன் முட்டையிட லோஃபோட்டனுக்கு வருகிறது. பிடித்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி, கழுவி, இரண்டிரண்டாக வாலில் கயிற்றால் கட்டி, 'யெல்' எனப்படும் மரப்பந்தல்களில் தொங்கவிடுவார்கள். பெப்ரவரியில் ஏறத் தொடங்கும் மீன் மே, ஜூன் வரை அங்கேயே தொங்கும். உப்பும் இல்லை, புகையும் இல்லை. காற்றும் குளிரும் மட்டுமே அதைக் காயவைக்கின்றன. மீனிலிருக்கும் நீரில் சுமார் 80 விழுக்காடு போய்விட, விறகுபோல் இறுகிய தொர்ஃபிஸ்க் மிஞ்சும். லோஃபோட்டன் தொர்ஃபிஸ்கிற்கு 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் உண்டு. இத்தாலிக்குப் போகும் மீனைச் சுமார் இருபது தரங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தத் தரத்துக்கான வேலை, பந்தலடியில் நிற்கிறவரின் கையிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ளத்தான் நான் இந்தத் தீவுக்கு வந்தேன். கற்றுத் தந்தவர் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த அண்ணை. 1980களின் பிற்பகுதியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் அவரும் ஒருவர். மற்றவர்களில் பலர் பிறகு ஒஸ்லோப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். அண்ணை கடலை விட்டுப் போகவில்லை. மீனைப் பற்றி அவர் சொல்லித் தந்தது நிறைய. ஆனால் மீனைத் தொடவிடும் முன்பு அவர் முதலில் கேட்டது என் கையைத்தான்.

"கையைக் காட்டும் தம்பி, பாப்பம்" என்றார். உள்ளங்கையைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தார். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளின் மேலாகச் சுற்றி அளந்தார். அங்குலத்தில் வருகிற அந்த எண்தான் கையுறையின் அளவு. ஒன்பது அங்குலம், அதாவது சுமார் 229 மில்லிமீட்டர் என்றால் ஒன்பதாம் அளவு. உள்ளே கம்பளி உறை போடுவதானால் வெளியுறை ஓரளவு கூட இருக்க வேண்டும். இறுகிய கையுறை இரண்டு விதத்தில் கெடுதி செய்யும்: விரலுக்குப் போகும் இரத்தத்தை நெரிக்கும், கம்பளிக்குள் நிற்க வேண்டிய காற்றையும் பிழிந்து வெளியேற்றிவிடும். கையைச் சூடாக வைத்திருப்பது கம்பளிக்குள் அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான். மிகப் பெரிய கையுறையும் உதவாது. விரல் நுனிக்கு அப்பால் தொங்கும் வெற்றுத் துணி கயிற்றில் சிக்கும், கத்தி எங்கே இருக்கிறதென்று தெரியவிடாது.

கடைக்குப் போனதும் நான் கை வைத்தது அலமாரியில் இருந்தவற்றிலேயே தடித்த கையுறையில். அண்ணை அதை வாங்கித் திரும்ப வைத்தார். "குளிருக்குக் கிளவுஸ் வாங்காதையும். வேலைக்கு வாங்கும். நாள் முழுக்க உம்மடை விரல் என்ன செய்யப்போகுது எண்டு முதல் யோசியும்."

இந்தத் தொழிலில் நான் கற்றவை எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்தவையே. கையுறை எவ்வளவு சூடு தருகிறது என்பதைவிட, விரலுக்கு எவ்வளவு உணர்வை மிச்சம் வைக்கிறது என்பதே முதற் கேள்வி. தோலின் வெப்பம் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் விரலின் நுணுக்கம் குறையத் தொடங்குகிறது. எட்டுப் பாகையை நெருங்கும்போது தொடுவுணர்வே மங்கிவிடுகிறது. முடிச்சு இறுகியதா, வழுகியதா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும். இறுகாத முடிச்சு காற்றில் நழுவினால் சோடி மீனும் கீழே விழுந்து அடிபடும். கத்தி பிடித்திருப்பவருக்கு வரும் ஆபத்தைச் சொல்லவே தேவையில்லை. தடித்த கையுறை விரலைச் சூடாக வைத்துக்கொண்டே அதே உணர்வைப் பறித்துவிடும். மெல்லியது உணர்வைத் தரும், ஆனால் குளிர் சிறிது நேரத்தில் அதைத் தின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே தேர்வு.

ஈரம் ஏன் இவ்வளவு கொடியது என்பதையும் இங்கேதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் காய்ந்த கையுறையோடு பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையில் நிற்கிறவரைவிட, நனைந்த கையுறையோடு பூச்சியத்துக்கு மேலே இரண்டு பாகையில் நிற்கிறவரின் கை விரைவாக விறைக்கலாம். கை உறையவே தேவையில்லை. பூச்சியத்துக்கு மேற்பட்ட ஈரக் குளிரில் நீண்ட நேரம் கிடந்தாலே நரம்பும் நுண்குழாய்களும் கெடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற வீரர்களின் பாதங்களை அழித்தது இதே வகைக் காயம்.

"ஈரம் வெளியாலை மட்டும் வராது தம்பி, உள்ளாலையும் வரும்" என்பார் அண்ணை. நீர் புகாத பி.வி.சி. உறையைப் போட்டுக்கொண்டு மீன் பெட்டி தூக்கினால் கை வியர்க்கும். வியர்வைக்கு வெளியேற வழியில்லை. வேலை ஓய்ந்து நிற்கும் நேரத்தில் அந்த வியர்வையே குளிர்ந்து கையை விறைக்க வைக்கும். மூச்சுவிடும் சவ்வு வைத்த விலையுயர்ந்த கையுறைகளும் உண்டு. உள்ளே ஈரப்பதம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். வெளிப்புறம் முழுக்க நீரில் நனைந்து, மீன் வழும்பும் உப்பும் படிந்த பிறகு அவற்றின் மூச்சு பெரிதும் அடங்கிவிடுகிறது. வேலி கட்டுகிறவருக்கும் மரம் வெட்டுகிறவருக்கும் அவை பயன்படலாம். மீனோடு நிற்கிறவருக்கு அந்தக் காசு வீண்.

ஆகவே நாங்கள் உள்ளுறை, வெளியுறை என இரண்டாகப் பிரித்தே போடுகிறோம். வெளியுறை நீரை மறிக்கும். உள்ளுறை சூட்டைக் காக்கும், வியர்வையை உறிஞ்சும். உள்ளுறை ஈரமானால் அதை மட்டும் மாற்றினால் போதும். உள்ளே நிரந்தரமாக ஒட்டித் தைத்த பஞ்சுள்ள கையுறை ஒருமுறை நனைந்தால் அன்றைய நாளுக்கு முடிந்தது. அவசரமாகக் கழற்றும்போது உள்புறமும் சேர்ந்து பிதுங்கி வரும், ஈர விரலைத் திரும்ப நுழைக்கவும் முடியாது.

உள்ளுறைக்குக் கம்பளிதான். பருத்தி கூடவே கூடாது. பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைகளுக்குள் வாங்கிய பின்னும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. அதன் இழைகள் சுருண்டு நிற்பதால் ஈரத்திலும் காற்றுக்கு இடமிருக்கும். செயற்கை இழைகளில் அக்ரிலிக்கும் பொலியெஸ்டரும் விரைவில் காயும், மலிவு, இயந்திரத்தில் துவைக்கலாம். அதனால் மாற்று உறையாக அவையும் என் பையில் இருக்கும். காலை முழுவதும் நிற்க வேண்டிய வேலைக்கு நான் எடுப்பது கம்பளியைத்தான்.

இந்தக் கடலோரத்து மீனவர்கள் றப்பர் வருவதற்கு முன்பே கம்பளியை நன்றாக அறிந்திருந்தார்கள். கையைவிட மிகப் பெரிதாகப் பின்னி, வெந்நீரில் கசக்கி, அடர்ந்த கம்பளமாகச் சுருக்கிய நான்கு விரலும் ஒன்றாய்ப் போகும் உறைகளை அவர்கள் அணிந்தார்கள். அணியும் முன் கடல்நீரில் நனைத்துப் பிழிவார்கள். நனைந்து உப்பிய இழைகள் இடைவெளிகளை அடைத்துக் காற்றை மறிக்கும், கைச்சூடு உள்ளேயே தங்கும். ஐஸ்லாந்தில் இத்தகைய உறைகளுக்கு இரண்டு கட்டைவிரல்கள் வைத்துப் பின்னினார்கள். தூண்டில் கயிறு உரசி ஒரு பக்கம் தேய்ந்ததும், உறையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை உள்ளங்கையாக்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஓர் உறையை அண்ணை எனக்குக் காட்டியபோது, நான் முதலில் வியந்தது அதைப் பின்னிய பெண்களின் கணக்கை. கணவனோ மகனோ கடலில் எந்தக் கயிற்றை எப்படி இழுப்பான், உறை எங்கே முதலில் தேயும் என்று கரையிலிருந்தபடியே அறிந்து பின்னியிருக்கிறார்கள். வேலையை வைத்துக் கையுறையைத் தீர்மானிப்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

வெளியுறையில் பொருளைப் பார்க்க வேண்டும். இயற்கை றப்பரான லாட்டெக்ஸ் குளிரிலும் மெத்தென்று வளையும், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எண்ணெயும் கொழுப்பும் பட்டால் ஊதி நைந்துபோகும். பி.வி.சி. எண்ணெயைத் தாங்கும், தடிப்பாக இருக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் குளிர் கூடக்கூட விறைத்துக்கொள்ளும். நைட்ரைல் எண்ணெயையும் குத்தலையும் தாங்கும், ஆனால் கடுங்குளிரில் லாட்டெக்ஸ் அளவுக்கு வளையாது. நியோப்பிரீன் எல்லாவற்றிலும் நடுவாக நிற்கும், விலைதான் கூட. தோல் கையுறை காய்ந்த வேலைக்கு அருமையானது. நனைந்து காய்ந்தால் பலகைபோல் இறுகிவிடும் என்பதால் ஈரத்துக்கு அதைக் கொண்டுபோக மாட்டோம்.

இங்கே மீனின் உடற்கூறும் கணக்கில் வருகிறது. கொட் மீன் தன் கொழுப்பை ஈரலில்தான் சேமிக்கும், சதையில் கொழுப்பு மிகக் குறைவு. உப்பில்லாமல் காயவைத்தும் அது சிக்கு நாற்றம் எடுக்காததற்கு அதுவே காரணம். எனவே கழுவிய மீனைக் கட்டித் தொங்கவிடும் இடத்தில் லாட்டெக்ஸ் தாராளமாகப் போதும். குடல் நீக்கும் மேசையில் ஈரல் பிரித்தெடுக்கிறவருக்கு அதே கையுறை சீக்கிரம் நைந்துவிடும். அங்கே பி.வி.சி. அல்லது நைட்ரைல் வேண்டும். ஒரே கொட்டகையில் பத்தடி தள்ளி நிற்கும் இருவருக்கு இரண்டு வகைக் கையுறை ஏன் என்று கேட்ட எனக்கு, ஒரு ஈரலை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிக் காட்டினார் அண்ணை. விரலிடுக்கில் வழிந்த எண்ணெயே பதில்.

வேலை மாற மாறக் கையுறையும் மாறும். படகு வந்து கட்டும்போது கயிறு, பனிக்கட்டி, கடல்நீர்த் தொட்டி. அங்கே நுணுக்கம் வேண்டாம், முழங்கையை நெருங்கும் நீளமும் தடித்த உறையும் வேண்டும். குடல் நீக்கும் மேசையில் வெட்டுத்தாங்கும் மெல்லிய உறை உள்ளே, நீர் புகாத உறை வெளியே. உணவோடு புழங்குவதால் மதுக்கிண்ணமும் முள்கரண்டியும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். நீல நிறம் நல்லது, கிழிந்த துண்டு மீனில் விழுந்தால் உடனே கண்ணில் படும். வால் கட்டும் இடத்தில் மெல்லிய கம்பளியின் மேல் சொரசொரப்பான மெல்லிய லாட்டெக்ஸ். கயிற்றின் இறுக்கம் விரலில் தெரிய வேண்டிய இடம் அது. முள் குத்தாமலிருப்பதும் முக்கியம். மீன் முள் குத்திய புண்ணில் கிருமி ஏறி விரல் சிவந்து வீங்குவது இத்தொழிலின் பழைய நோய். சின்னக் குத்தலென்று விடாமல் கழுவி, வீங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பந்தலில் ஏற்றும் வேலையில் இன்னொரு பாடம். கீழே நிற்கிறவர் சோடியைத் தூக்கிக் கொடுப்பார், மேலே நிற்கிறவர் வாங்கிக் கம்பில் மாட்டுவார். கையை உயர்த்தியதும் மீனிலிருந்து வடியும் நீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடும். கை கீழே தொங்கும் வேலையில் மழையங்கியின் கை, கையுறையின் வாய்க்கு மேலே வர வேண்டும். கை மேலே உயரும் வேலையிலோ கையுறையின் வாய் அங்கிக்கு மேலே வந்து, சற்று மடித்திருக்க வேண்டும். இறங்கி வரும் நீர் அந்த மடிப்பில் நிற்கும். இரண்டும் கலந்த நாளில் மணிக்கட்டில் இறுக்கும் பட்டியுள்ளது நல்லது. ஆனால் பட்டி தோலை உரசக் கூடாது. உப்பு நீரில் ஊறிய விளிம்பு மணிக்கட்டில் தேய்ந்து தேய்ந்து கொப்புளமாகும். கடலோடிகள் எல்லாரும் அறிந்த அந்த உப்புப் புண் வந்தால் ஆற நாளாகும். அதனால் அண்ணை மணிக்கட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கம்பளிச் சுற்று போட்டுக்கொள்வார். இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடும் இடம் அது. அங்கே சூடு இருந்தால் விரலுக்கும் சூடு போகும்.

காய்ந்த மீனை இறக்கும் காலத்தில் இந்த நீர்க் கவலை எல்லாம் போய்விடும். அப்போது மீன் கட்டையாகவும் செட்டைகள் முள்ளாகவும் இருக்கும். உள்ளங்கையில் மட்டும் றப்பர் தோய்த்த பின்னல் உறையோ தோலுறையோ போதும்.

கடையில் அட்டையைப் படிக்கவும் பழகினேன். ஐரோப்பாவில் விற்கும் குளிர்க் கையுறைகளில் பனித்துகள் படமும் அதன் கீழே ஈ.என். 511 தரத்தின் மூன்று எண்களும் இருக்கும். முதல் எண் காற்றுவழிக் குளிரை, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது வரும் குளிரை எவ்வளவு தடுக்கிறது என்பது. இரண்டும் பூச்சியம் முதல் நான்கு வரை போகும். மூன்றாவது நீர் புகுமா என்பது: ஒன்று என்றால் தாங்கும், பூச்சியம் என்றால் புகும். எங்கள் வேலைக்கு நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணை. முதல் இரண்டும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், மூன்றாவது பூச்சியமானால் அது காய்ந்த குளிருக்கான கையுறை. சுத்தியல் படத்தோடு வரும் ஈ.என். 388 தரத்தில் தேய்வு, வெட்டு, கிழிவு, குத்தல் ஆகியவற்றின் மதிப்பு இருக்கும். வெட்டுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்தும் தருவார்கள். எண்களைப் படித்த பின் கையில் போட்டு ஒரு நூலை முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கடைக்காரர் தடுப்பதில்லை.

கையைச் சூடாக வைப்பது கையுறை மட்டும் அல்ல என்பதை உடம்பே கற்றுத்தந்தது. நெஞ்சும் தலையும் குளிர்ந்தால் உடல் முதலில் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். பனிநீரில் வைத்த விரலின் குழாய்கள் முதலில் சுருங்கி, சில நிமிடம் கழித்துத் தாமாக விரிந்து, மறுபடி சுருங்குவதைப் பிரித்தானிய மருத்துவர் தோமஸ் லூயிஸ் 1930இல் விவரித்தார். அந்த விரிவு நன்றாக நடக்க உடம்பின் நடுப்பகுதி சூடாக இருக்க வேண்டும். விரல் குளிர்ந்தால் தொப்பியைப் போடு என்று இங்குள்ளவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். கைகளை அகல விரித்து மார்புக்குக் குறுக்கே மாறி மாறி வீசி அடித்துக்கொள்வதும் பழைய மீனவர் பழக்கம். விரல் நுனிவரை இரத்தத்தைத் தள்ளிவிடும்.

"விறைச்சாப் பிறகு ஓடிவாறதிலை பிரயோசனமில்லை. விறைக்க முன்னம் மாத்தோணும்" என்பது அண்ணையின் சட்டம். அதனால் ஒரு வேளைக்கு மூன்று சோடி உள்ளுறை: ஒன்று கையில், ஒன்று அங்கிக்குள் உடம்புச் சூட்டில், ஒன்று கொட்டகைக் கொடியில். தேநீர் இடைவேளையில் கை நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவோம். எப்படியும் விறைத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரே மருந்து. மரத்த தோலுக்குக் கொதிநீரின் சூடு தெரியாது, வெந்துபோகும். தேய்க்கவும் கூடாது.

சுழலும் எந்திரத்தின் அருகே கையுறையே ஆபத்து என்பதையும் அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார். உருளையோ தண்டோ உறையைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். அங்கே முதலில் எந்திரத்தை நிறுத்த வேண்டும், பிறகுதான் கையை நீட்ட வேண்டும்.

மாலையில் கையுறைக்கும் ஒரு வேலை நேரம் உண்டு. நன்னீரில் உள்ளும் புறமும் அலச வேண்டும். உப்பு தங்கினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, உறையைக் காயவிடாது. வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, நீர் வாளிக்குள் அமுக்கினால் ஓட்டை குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு விரல்கள் மேலே இருக்கும்படி ஆணியில் மாட்டினால் நீர் கீழே வடியும், அறையின் வெதுவெதுப்பு உள்ளே ஏறும். அடுப்பின் மேல் போட்டால் கம்பளி சுருங்கும், றப்பர் வெடிக்கும்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களோடு சில வேளை நானும் கடைக்குப் போகிறேன். என்ன கையுறை நல்லது என்று கேட்பார்கள். நாளை உமக்குக் கயிறா, கத்தியா, பெட்டியா என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் கிடைத்ததும் சொல்வது இதுதான்: எல்லாக் காசையும் ஒரு தடித்த சோடியில் போடாதீர்கள். முடிச்சுப் போட முடிகிற ஒரு நல்ல வெளியுறை, மாற்றிப் போட மூன்று கம்பளி உள்ளுறை, காதை மூடும் ஒரு தொப்பி வாங்குங்கள். உள்ளுறையை நேரத்துக்கு மாற்றுங்கள், கிழிந்த வெளியுறையை அன்றே எறியுங்கள். விரலில் உணர்வு இருக்கும்வரை இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டே இருக்கலாம்.